பையர் நியூயார்க்கில், பனியன் கம்பெனி திருப்பூரில்: தகராறு வந்தால் எங்கே போவது?

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வழியாக ஒரு கன்டெய்னர் டி-ஷர்ட் நியூயார்க்குக்குப் போகிறது. மதிப்பு 90,000 டாலர், அறுபது நாள் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்தாம் நாள் பையரிடமிருந்து, அதாவது சரக்கை வாங்கும் நிறுவனத்திடமிருந்து, மின்னஞ்சலில் ஒரு டெபிட் நோட் வருகிறது. துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை, 180 என்று பேசியிருக்க, சோதனையில் 168 வந்ததாம். இரண்டு முறை துவைத்ததும் உடல்துண்டு முறுக்கிக்கொள்கிறதாம். ஷிப்மெண்ட் நான்கு நாள் தாமதமாம். ஆகவே 38,000 டாலர் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவோம், அதையும் அடுத்த மாதம்தான் அனுப்புவோம் என்கிறார்கள்.

அன்றைக்குத்தான் பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசிப் பக்கத்தை யாராவது புரட்டிப் பார்க்கிறார்கள். ஆர்டர் வந்த நாளில் விலை, டெலிவரி தேதி, பேக்கிங், ஹேங்டேக் என்று பார்க்கவே நேரம் போதவில்லை. எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று சொல்லும் அந்தப் பத்தி பொடி எழுத்தில் அப்படியே கிடந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது, ஒத்துக்கொண்ட விலையில் தள்ளுபடி கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவர்கள் பலருக்கும் அதே பக்கத்தைப் புரட்ட வேண்டிய நிலைமை வந்திருக்கும்.

அந்தப் பத்தியில் எழுதக்கூடியவை பெரும்பாலும் மூன்று: நம் ஊர் நீதிமன்றம், பையர் ஊர் நீதிமன்றம், அல்லது நடுவர் மன்றம், அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தனி நடுவர் தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேஷன். மூன்றில் எது நல்லது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, தகராறு வரும் நாளில் பணம் யார் கையில் இருக்கும், அவருடைய சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான். கடனுக்குச் சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர் எப்போதும் வசூலிக்க வேண்டிய பக்கத்தில்தான் நிற்கிறார். சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. அப்படியானால் அவர் வாங்கும் தீர்ப்பு நியூயார்க்கில் உள்ள வங்கிக் கணக்கைத் தொட வேண்டும். தொடாத தீர்ப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நம் ஊர் நீதிமன்றம்

'திருப்பூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்று எழுதி வாங்கிவிட்டால் வெற்றி பெற்றதுபோல ஒரு நிம்மதி வரும். பழகிய வழக்கறிஞர், பழகிய மொழி, தினமும் போய்வரக்கூடிய தூரம். செலவும் பயமுறுத்துவதில்லை. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான நீதிமன்றக் கட்டணம் முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. 2017இல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். பத்தியே இல்லாவிட்டாலும், வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி இங்கே வழக்குப் போட முடியும். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரச முயற்சி கட்டாயம், அதையும் கடந்துவிடலாம்.

சிக்கல் அதற்கு அப்பால்தான். சம்மன், வெளிநாடுகளுக்கு நீதிமன்ற ஆவணங்களை அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்த முறைப்படி, இரண்டு நாட்டு அதிகாரிகள் வழியாகப் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். பையர் வர மாட்டார். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு கிடைக்கும். அதை நியூயார்க்குக்கு எடுத்துப் போனால், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தீர்ப்புகளை நிறைவேற்றிக்கொள்ள எந்த உடன்படிக்கையும் இல்லை என்பது அங்கே தெரியவரும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். நியூயார்க் மாநிலச் சட்டம் வெளிநாட்டுப் பணத் தீர்ப்புகளை ஏற்கும் போக்குடையதுதான். ஆனாலும் அங்கே புதிதாக ஒரு நடவடிக்கை தொடங்க வேண்டும். அந்தப் பையர் மீது திருப்பூர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பையர் கையெழுத்திட்ட பத்தி இருந்தால் பதில் இருக்கிறது. இல்லாவிட்டால் பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியில் இன்னொரு கேள்வியும் சேரும்: இதேபோன்ற ஜெர்மன் தீர்ப்பை இந்தியா ஏற்குமா என்ற பரஸ்பரக் கேள்வி.

எல்லா நாடும் இப்படி இல்லை. பிரிட்டனில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியத் தீர்ப்பைப் பதிவுசெய்து நிறைவேற்ற வழி இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 1999இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஆகவே லண்டன் பையருக்கோ துபாய் பையருக்கோ நம் ஊர் நீதிமன்றத்தை எழுதி வாங்குவது வீண் அல்ல. அமெரிக்க, ஜெர்மன் பையர்களிடம் அதற்காக மல்லுக்கட்டுவதுதான் வீண். அந்த வாதத் திறமையை முன்பணம் கேட்பதில் காட்டலாம்.

எழுதி வாங்குவதானால் 'மட்டும்' என்பதை விட்டுவிடக் கூடாது. இதற்கு நம் பக்கத்து ஊர் வழக்கே சாட்சி. குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்துக்கும் சேலத்தைச் சேர்ந்த ஒரு ஏஜென்சிக்கும் ஜரிகை போன்ற உலோக நூல் விற்பனையில் தகராறு. தகராறுகள் கேடா நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டவை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லிவிட்டது. மற்ற நீதிமன்றங்களை விலக்கும் சொற்கள் அந்தப் பத்தியில் தெளிவாக இல்லை. 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், அப்படிப்பட்ட சொல் இல்லாவிட்டாலும் நோக்கத்தைப் பார்க்கலாம் என்று அதே நீதிமன்றம் தளர்த்தியது. ஒரே நாட்டுக்குள்ளேயே உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்த விஷயம் இது.

நம் ஊர் நீதிமன்றம் உண்மையிலேயே பொருந்தும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பையர் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டபோது. அப்போது பணம் நம் கையில். வழக்குப் போட அலைய வேண்டியவர் அவர். இரண்டு, ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு வெளிநாட்டு பிராண்டாக இல்லாமல் பெங்களூரிலோ டெல்லியிலோ பதிவுபெற்ற பையிங் ஹவுஸாக, அதாவது பிராண்டுகளுக்காகச் சரக்கு வாங்கும் இடைநிலை நிறுவனமாக, இருக்கும்போது. அந்த நிலையில் குறு, சிறு தொழில் நிறுவனமாகப் பதிவுசெய்துள்ள கம்பெனி அத்தகைய நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலுவைப் பணத் தகராறுகளைக் கவனிக்கும் வசதிக் குழுவிடம்கூடப் போகலாம். அந்தக் குழுவின் கை வெளிநாட்டுப் பையர் வரை நீளாது. இதை மறந்துவிட்டு மனுக் கொடுத்துக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பையர் ஊர் நீதிமன்றம்

பெரிய பிராண்டுகள் சப்ளையர்களுக்குத் தரும் விதிப் புத்தகமான வெண்டார் மேனுவலில் இதுதான் இருக்கும். மாற்றச் சொன்னால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும் இந்த ஏற்பாட்டில், பலர் நினைப்பதைவிட நன்மை அதிகம்.

நியூயார்க் நீதிமன்றம் கொடுக்கும் தீர்ப்பு நியூயார்க் கணக்கின் மீது நேராகப் பாயும். இரண்டாவது நாட்டில் மறுபடி ஒரு வழக்கு வேண்டாம். செலவு மட்டும் கசக்கும். அமெரிக்காவில் பொதுவாக ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வழக்கறிஞர் செலவு அவரவருக்கே. 38,000 டாலருக்காக வழக்குப் போட்டு முழு விசாரணை வரை போனால் தொகையை வழக்கறிஞர் கட்டணமே விழுங்கிவிடும். இது பையருக்கும் தெரியும்; டெபிட் நோட்டில் உள்ள துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. லண்டனில் தோற்றவர் ஜெயித்தவரின் செலவில் பெரும் பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அங்கே வேறொரு வேலி: நீதிமன்றத் தேர்வு பற்றிய 2005ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேராத நாட்டிலிருந்து வழக்குப் போடுகிறவரிடம், தோற்றால் கொடுக்க வேண்டிய செலவுக்கு முன்கூட்டியே பிணை கட்டச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கலாம். இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை.

இனி இ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுத்தவர்கள், பையர் பணம் தராவிட்டால் காப்பீடு தந்துவிடும் என்று நம்புகிறார்கள். பையர் திவாலானால், அல்லது காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால், அது சரி. பையர் தரத்தில் குறை சொல்லிவிட்டால் அது 'வணிகத் தகராறு' ஆகிவிடும். பையரின் நாட்டில் தகுதியுள்ள நீதிமன்றத்தில் தமக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பை ஏற்றுமதியாளர் வாங்கினால் தவிர, அந்த இழப்பு பாலிசியில் சேராது. ஆகவே திருப்பூரில் வாங்கிய ஒருதலைத் தீர்ப்பைக் காட்டி கிளைம் கேட்க முடியாது. 168 ஜி.எஸ்.எம். என்று ஒரு வரி எழுதி பையர் நம் காப்பீட்டையே முடக்கிவிட முடிகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆர்பிட்ரேஷன் பத்தி போடப்போகிறவர்களும், நடுவர் தீர்ப்பைத் தங்கள் பாலிசி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று இ.சி.ஜி.சி. கிளையில் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கெட்டிக்காரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பையர் நம் மீது வழக்குப் போட்டு ஜெயித்தால் என்ன ஆகும்? பிரிட்டன், சிங்கப்பூர், ஹாங்காங், அமீரகம் போன்றவை இந்திய அரசு அறிவித்த பரஸ்பர நாடுகள். அவற்றின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேராக நிறைவேற்றலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்து பையர் இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். நியூயார்க் நீதிமன்றப் பத்தியில் கையெழுத்திடுகிறவர், தமக்கு எதிரான தீர்ப்பு மெதுவாகத்தான் வந்துசேரும் என்ற சிறு ஆறுதலோடு கையெழுத்திடலாம்.

நடுவர் மன்றம்

நீதிமன்றத் தீர்ப்புக்கு எல்லை தாண்டுவது கஷ்டம். நடுவர் தீர்ப்புக்கு அது எளிது. நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இந்தியா 1960இலேயே சேர்ந்தது. அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூர் எல்லாமே இருக்கின்றன. நடுவர் தீர்ப்பை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனால், வழக்கின் நியாய அநியாயத்தை அவர்கள் மறுபடி கிளறுவதில்லை. நோட்டீஸ் கொடுத்தார்களா, நடுவருக்கு அதிகாரம் இருந்ததா, பொதுக்கொள்கைக்கு விரோதமா என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்க முடியும். தீர்ப்பு வந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் நடுவர் தீர்ப்புகள் பல வருடம் சிக்கிக் கிடக்கும் கதைகளைப் படித்துவிட்டுச் சிலர் தயங்குகிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் அலிமென்டா நிறுவனம் 1980இல் இந்தியக் கூட்டுறவு விற்பனை அமைப்பான நாஃபெட்டுடன் நிலக்கடலைக்கு ஒப்பந்தம் போட்டது. தகராறு லண்டன் நடுவர்களிடம் போனது. 1989இல் வந்த தீர்ப்பை நிறைவேற்ற முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. கேட்கவே தலை சுற்றும். ஆனால் அது வெளிநாட்டார் இந்தியாவில் வசூலிக்க வந்த கதை. திருப்பூர்க்காரர் வசூலிக்கப் போவது ஹாம்பர்க்கிலும் நியூயார்க்கிலும். நம் நாட்டுத் தாமதம் அவர் வழியில் குறுக்கிடுவது, நடுவர் மன்றத்தின் 'சீட்' இந்தியாவாக இருந்தால்தான்.

சீட் என்பது விசாரணை நடக்கும் அறை அல்ல. எந்த நாட்டுச் சட்டமும் நீதிமன்றமும் அந்த ஆர்பிட்ரேஷனை மேற்பார்வையிடும், தீர்ப்பை எங்கே ரத்துசெய்யக் கேட்க முடியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 2012இல் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சீட்டைத் தெளிவாக எழுதாததன் விலை என்ன என்பதற்கு எனர்கான் வழக்கு இருக்கிறது. காற்றாலை தொடர்பான அந்த ஒப்பந்தத்தில் இந்தியச் சட்டம், லண்டனில் விசாரணை என்று கலந்து எழுதிவிட்டார்கள். லண்டன் வெறும் இடம்தான், சீட் இந்தியா என்று 2014இல் முடிவாகும்வரை இரு நாட்டு நீதிமன்றங்களிலும் வழக்கு ஓடியது. மூலத் தகராறு அதுவரை ஓரமாகக் காத்திருந்தது.

சென்னையை சீட்டாக வைத்தால் செலவு குறைவு. நானி பால்கிவாலா மையம், உயர் நீதிமன்றத்தின் நடுவர் மையம் என்று நிறுவனங்களும் இருக்கின்றன. இங்கே கிடைக்கும் தீர்ப்பையும் நியூயார்க் உடன்படிக்கையின் பலத்தோடு வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் தோற்ற பையர் இந்திய நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் இங்கேயே ரத்து மனுப் போட்டு, அதைக் காரணம் காட்டி அமெரிக்காவில் அவகாசம் கேட்கலாம். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் 'சென்னையில் ஆர்பிட்ரேஷன்' என்று மட்டும் எழுதிவிட்டால் இன்னொரு தொல்லை: நடுவரை நியமிப்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகாதபோது, சர்வதேச வழக்கு என்பதால் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

லண்டன் மரியாதைக்குரிய இடம். பையர் பிரிட்டனில் இருந்தால், அல்லது தொகை பல கோடி என்றால் யோசிக்கலாம். மற்றபடி பனியன் தகராறுக்கு அது அதிகப்படி.

நான் சாய்வது சிங்கப்பூர் பக்கம். அங்குள்ள சர்வதேச நடுவர் மையத்தை அதிகம் நாடும் வெளிநாட்டவர்களில் இந்தியர்கள் பல வருடங்களில் முன்வரிசையில் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பையரும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்வார். முக்கியமான காரணம் 2025 ஜனவரியில் வந்த அதன் புதிய விதிகள். தகராறுத் தொகை 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்குள், அதாவது ஏறத்தாழ 7 கோடி ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால், சுருக்க நடைமுறை பொருந்தும். ஒரே நடுவர், பெரும்பாலும் ஆவணங்களை வைத்தே முடிவு, நடுவர் அமர்ந்து மூன்று மாதத்தில் தீர்ப்பு, கட்டண உச்சவரம்பும் பாதி. பழைய கணக்கில் ஏழைக்கு எட்டாத சிங்கப்பூர், இப்போது ஒரு கன்டெய்னர் தகராறுக்கும் ஓரளவு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

இதில் எந்த நாட்டுச் சட்டம் என்பது தனிக் கேள்வி. தனியாகவே எழுத வேண்டும். ஜெர்மன் சட்டம் என்று பையர் எழுதியிருந்தால், விலக்கி எழுதாதவரை சர்வதேச சரக்கு விற்பனை பற்றிய 1980ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும் கூடவே வந்துவிடும். இந்தியா அதில் சேரவில்லை, நம் வழக்கறிஞர்களுக்குப் பழக்கமும் குறைவு. இந்தியச் சட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாத பையரிடம் ஆங்கிலச் சட்டம் அல்லது சிங்கப்பூர்ச் சட்டம் என்று சொல்லிப் பார்க்கலாம். இரண்டும் நம் ஒப்பந்தச் சட்டத்துக்கு உறவுதான்.

அந்த 38,000 டாலர்

ஏறக்குறைய 34 லட்சம் ரூபாய். இதற்குச் சிங்கப்பூர் போகலாமா? போகலாம் என்று பயமுறுத்தலாம். போனால் மிஞ்சுவது கொஞ்சம்தான். 50 லட்சத்துக்குக் கீழான தகராறுகளுக்கு எந்த மன்றமும் முழுப் பதில் அல்ல என்பது என் கணிப்பு. அங்கே வேலை செய்ய வேண்டியது வேறு இரண்டு வரிகள். ஷிப்மெண்டுக்கு முன் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆய்வகம் கொடுக்கும் ஜி.எஸ்.எம்., சுருக்கம், சாய நிலைப்பு அறிக்கையே இறுதியானது என்று ஒரு வரி. சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் சொல்லாத குறைக்கு டெபிட் நோட் போட முடியாது என்று இன்னொரு வரி. முதல் வரி இருந்திருந்தால் 168 என்ற எண்ணை பையர் எழுதியிருக்கவே முடியாது. இரண்டாவது இருந்திருந்தால் ஐம்பத்தைந்தாம் நாள் அந்த மின்னஞ்சல் செல்லாது. மன்றத்தைப் பற்றிப் பேச மறுக்கும் பையர்கள்கூட, இவை தரக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்டவை என்பதால் பெரும்பாலும் எதிர்க்க மாட்டார்கள். எல்.சி., அதாவது பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், கிடைத்தால் இன்னும் நல்லது. வங்கி பார்ப்பது ஆவணங்களைத்தான். துணி முறுக்குகிறதா என்று அது கேட்காது.

பையரே விழுந்துவிட்டால் மேலே சொன்ன ஒப்பீடு முழுவதும் பயனற்றது. 2020 ஏப்ரலில் பிரிட்டனின் டெபனம்ஸ், நவம்பரில் ஆர்கேடியா குழுமம் இரண்டும் நொடித்துப்போய், திவால் நடைமுறை நிர்வாகிகளின் கைக்குப் போனபோது, சரக்கு அனுப்பியவர்கள் பிணையில்லாக் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. எந்த ஊர் மன்றம் என்ற பத்தி அந்த வரிசையில் ஒருவரையும் முன்னே தள்ளாது. அங்கே உதவுவது இ.சி.ஜி.சி.யும் முன்பணமும்தான்.

இவ்வளவையும் யோசிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது பர்ச்சேஸ் ஆர்டரின் முதல் வரி. கடையில் தொங்குவது ஒரு பிராண்டின் பெயர், ஆர்டர் போட்டது ஹாங்காங்கில் உள்ள ஒரு சோர்ஸிங் கம்பெனி, பணம் அனுப்புவது மூன்றாவதாக ஒன்று என்று இருப்பது சாதாரணம். ஆர்பிட்ரேஷன் பத்தி பொதுவாகக் கையெழுத்திட்டவரைத்தான் கட்டும். அந்த ஹாங்காங் கம்பெனிக்கு ஒரு மேசையும் நாற்காலியும் தவிரச் சொத்து இல்லையென்றால், சிங்கப்பூர்த் தீர்ப்பு யாருடைய கணக்கைத் தொடும்? தாய் நிறுவனத்திடமிருந்து ஓர் உத்தரவாதக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தால் கடன் நாள்களைக் குறையுங்கள்.